ஒரு கம்பி, பல அலைகள்: மார்க்கோனியின் வாழ்க்கை

வானொலியைக் கண்டுபிடித்தவர் யார் என்னும் வினாவுக்கு ஒரே சொல்லில் விடையாக அமைந்துவிட்ட பெயர் மார்க்கோனி. வடமராட்சியிற் பல்லாண்டு காலம் பௌதிகவியல் கற்பித்த நான், அந்த வினாவையும் விடையையும் நூற்றுக்கணக்கான விடைத்தாள்களிற் கண்டிருக்கிறேன். அந்த ஒரு சொல் விடை அம்மனிதருக்கு உரியதைவிட மிகுதியான புகழையும் தருகிறது. உரியதைவிடக் குறைந்த புகழையும் தருகிறது. மின்காந்த அலைகளை முதலில் ஆய்வுகூடத்திற் காட்டியவர் ஜெர்மானியரான ஹேர்ட்ஸ். அவருக்குப் பின், பிரித்தானியாவில் ஒலிவர் லொட்ஜ், கல்கத்தாவில் ஜகதீஸ் சந்திர போஸ், ரஷ்யாவிற் பொப்போவ், அமெரிக்காவில் தெஸ்லா, ஜெர்மனியிற் பிரௌன் எனப் பலரும் அவ்வழியிற் சென்றனர். ஆகவே கண்டுபிடிப்பு முழுவதையும் ஒருவர் தலையிற் சூட்டுதல் தகாது.

ஆனால், அம்மனிதர் தம் வாழ்நாள் முழுவதும் விடாது பற்றிநின்ற கேள்வி ஒன்று உண்டு. அக்கேள்வியை அந்த விடை சொல்லவில்லை. நாம் ஏரியல் என்று வழங்கும் அந்த எளிய கம்பியை எவ்வளவு நீளமாக, எவ்வாறு அமைத்தால் அலை அகப்படும்? ஓரிடத்தில் நில்லாது ஓடும் கப்பலில் உள்ள ஒரே கம்பி, வெவ்வேறு நீளமுள்ள அலைகளுக்கு எவ்வாறு பணிபுரியும்? இக்கேள்வி நம் குடாநாட்டு வீடுகளின் கூரைவரை வந்து சேர்ந்த கேள்வி. அதனை உரிய இடத்திற் சொல்வேன்.

குக்லியெல்மோ மார்க்கோனி 1874 ஆம் ஆண்டு ஏப்ரல் 25 ஆம் நாள் இத்தாலியின் பொலோஞா நகரிற் பிறந்தார். தந்தை நிலபுலமுடைய செல்வர். தாயார் ஆனி ஜேம்சன் அயர்லாந்தின் புகழ்பெற்ற மதுவடிப்புக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பிள்ளை பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். அயலில் வாழ்ந்த பேராசிரியர் றிகி என்பாரின் அறிமுகமும், வீட்டின் மேல்மாடியும், தாயாரின் பரிவுமே அவருக்குக் கல்லூரியாயின. 1894 ஆம் ஆண்டு ஹேர்ட்ஸ் மறைந்தபோது அவருடைய ஆராய்ச்சிகளைப் பற்றி வெளிவந்த கட்டுரைகளைப் படித்த அந்த இருபது வயது இளைஞர், அந்த அலைகளாற் செய்தி அனுப்பலாகாதா என்று சிந்திக்கத் தொடங்கினார்.

ஹேர்ட்ஸின் கருவியில் இரு சிறு கோல்கள் எதிரெதிரே நின்றன. அலை அறைக்குள்ளேயே அடங்கியது. 1895 ஆம் ஆண்டு மார்க்கோனி அவற்றுள் ஒன்றை மண்ணோடு இணைத்தார். மற்றையதைக் கம்பத்தின் உச்சிக்கு உயர்த்தினார். சில நூறு யார்களே சென்ற குறி ஒரு மைலுக்கும் அப்பால், குன்றுக்கு மறுபுறத்திலும் கேட்டது. அங்கு காத்துநின்ற தமையன் அல்போன்சோ துப்பாக்கியால் வெடி தீர்த்து வெற்றியை அறிவித்தார் என்பர்.

இந்த மாற்றம் சிறிது போலத் தோன்றும். ஆனால் அதன் பொருள் பெரிது. நிலம் ஒரு கண்ணாடி போல நின்று, நிமிர்ந்த கம்பியின் மறுபாதியைத் தானே நிரப்பிவிடுகிறது. ஆகவே அலைநீளத்தில் நாலிலொரு பங்கு நீளமுள்ள கம்பியே போதும். இன்று மோட்டார் வண்டியின் கூரையில் நிமிர்ந்து நிற்கும் கோல் இந்த மார்க்கோனிக் கம்பியின் பேரப்பிள்ளையே. அங்கே நிலத்தின் கடமையை வண்டியின் தகடு செய்கிறது. பருத்தித்துறைக் கரையிலிருந்து புறப்படும் கண்ணாடியிழைப் படகில் அவ்வாறான தகடு இல்லை. ஆதலால் வண்டிக்கென அமைந்த கோலை அப்படியே படகில் நாட்டினால் அது செவ்வையாகப் பணிபுரியாது. அடித்தகட்டை வேண்டாத, அரையலை நீளக் கோலே படகுக்கு ஏற்றது. கம்பியை மட்டும் பார்த்து ஏரியலைத் தேர்ந்தெடுத்தல் ஆகாது. அது எதன்மேல் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

1896 இல் மார்க்கோனி தாயாருடன் இங்கிலாந்து சென்றார். அவ்வாண்டு ஜூன் 2 ஆம் நாள் தம் முதற் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். தபால் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளர் வில்லியம் பிறீஸ் ஆதரவளித்தார். 1897 மே மாதம் பிறிஸ்டல் கால்வாயின் மேலாகவும், 1899 மார்ச்சில் ஆங்கிலக் கால்வாயின் மேலாகவும் செய்தி சென்றது. அப்பொழுதே ஒரு பெருங்குறை வெளிப்பட்டது. இருவர் ஒரே நேரத்தில் அனுப்பினால் இருவர் செய்தியும் ஒன்றோடொன்று கலந்து ஒன்றும் விளங்காது போயிற்று.

இதற்குரிய மருந்து பரிவு. மரக்கிளையிற் கட்டிய ஊஞ்சலுக்கு அதன் கயிற்றின் நீளத்திற்கேற்ப ஓர் ஆட்டக்காலம் உண்டு. அக்காலத்தோடு இயைந்து தள்ளினால் சிறு கையும் ஊஞ்சலை உயர எழுப்பும். இயையாது தள்ளினால் பெருங்கையும் சோரும். கம்பிக்கும் அவ்வாறே ஓர் இயல்பான மீடிறன் உண்டு. சுருளையும் மின்தேக்கியையும் சேர்த்து அந்த இயல்பை வேண்டிய அலைக்கு இசைவிக்கலாம். 1897 இலேயே இந்த இசைவாக்கத்திற்கு லொட்ஜ் காப்புரிமை கோரியிருந்தார். மார்க்கோனி அதனை மேலும் வளர்த்து 1900 ஏப்ரலில் விண்ணப்பித்த காப்புரிமையின் இலக்கம் 7777. நான்கு ஏழுகள் என்று அது பெயர் பெற்றது. அவ்வாண்டே வைற் தீவிலிருந்து ஒரே நேரத்தில் இரு செய்திகள், ஒன்று ஆங்கிலத்திலும் மற்றது பிரெஞ்சிலும், வெவ்வேறு அலைநீளத்தில் அனுப்பப்பட்டன. சுமார் 30 மைலுக்கு அப்பால், பூல் துறைமுகத்தருகே, 40 அடி உயரமுள்ள ஒரே கம்பியில் இரு வாங்கிகள் இணைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் தனக்குரிய செய்தியை மட்டும் எடுத்து எழுதியது. ஒரு கம்பி பல அலைகளுக்குப் பணிபுரியலாம் என்பது அன்று கண்கூடாயிற்று.

இனி அத்திலாந்திக். இங்கிலாந்தின் பொல்டு என்னும் கடற்கரையில் 20 பாய்மரக் கம்பங்களை வட்டமாக நாட்டி, பெரும் ஏரியல் ஒன்றை மார்க்கோனி அமைத்தார். 1901 செப்டெம்பரிற் புயல் அதனை வீழ்த்தியது. நவம்பரில் அமெரிக்கக் கரையிலிருந்த அதன் இணையும் வீழ்ந்தது. வேறொருவராயின் ஓராண்டு பொறுத்திருப்பார். அவரோ பொல்டுவில் எளிய ஏரியல் ஒன்றை அமைக்கச் செய்து, தாம் பட்டங்களையும் பலூன்களையும் எடுத்துக்கொண்டு நியூபவுண்லாந்து சென்றார். டிசெம்பர் 12 ஆம் நாள், சுமார் 500 அடிக் கம்பியைச் சுமந்து பட்டம் ஒன்று கடுங்காற்றில் எழுந்தது. மூன்று புள்ளிகளாகிய எஸ் என்னும் எழுத்தின் குறி தம் காதிற் கேட்டதாக அவர் அறிவித்தார்.

பட்டம் ஏற்றுவதிற் பேர்போன வல்வெட்டித்துறை மக்களுக்கு இங்கே எழுந்த இடையூற்றை விளக்க வேண்டியதில்லை. காற்றிற் பட்டம் ஏறியும் இறங்கியும் ஆடியபோது கம்பியின் மின் இயல்பும் கணத்துக்குக் கணம் மாறிற்று. ஆகவே இசைவாக்கிய வாங்கி பயன்படவில்லை. நான்கு ஏழுகளின் சொந்தக்காரர் அன்று இசைவாக்காத வாங்கியையே நாட நேர்ந்தது. அவ்வாங்கியில் இத்தாலியக் கடற்படையிலிருந்து பெற்ற இரச உணர்கருவி இருந்தது. அதன் மூலக்கருத்து 1899 இற் போஸ் வெளியிட்ட ஆய்வில் உள்ளது என்று அறிஞர் சிலர் வாதிட்டுள்ளனர். நண்பகலில், அத்தகைய நீண்ட அலையில், அந்தத் தூரத்திற் குறி கேட்டிருக்க இயலுமா என்று ஐயுறுவோரும் உளர். பொல்டுவின் தீப்பொறி நீண்ட அலையுடன் சிற்றலைகளையும் சேர்த்தே சிந்தியிருக்கலாம் என்றும், இசைவாக்காத வாங்கி அவற்றையே கேட்டிருக்கலாம் என்றும் சிலர் கருதுவர். அக்கருத்து உண்மையாயின், பின்னர் இருபது ஆண்டுகள் அவர் புறக்கணித்த அலையே அவருக்கு முதற்புகழை ஈந்தது என்று ஆகும்.

ஐயத்தை நீக்க அவர் கப்பலேறினார். 1902 பெப்ரவரியில் பிலடெல்பியா என்னும் கப்பலில் அமெரிக்கா நோக்கிச் செல்லும்போது, கப்பலதிகாரிகளைச் சாட்சியாக வைத்து நாள்தோறும் குறிகளைப் பதிவுசெய்தார். பகலில் 700 மைலுடன் குறி மறைந்தது. இரவில் 2,099 மைல் வரை கேட்டது. பகலுக்கும் இரவுக்கும் இந்த வேறுபாடு ஏன் என்பது அன்று விளங்கவில்லை. வானில் மின்னேறிய படலம் ஒன்று அலைகளைத் திருப்பி அனுப்பக்கூடும் என்று கென்னெலி, ஹெவிசைட் என்னும் இருவர் அவ்வாண்டே கூறினர். 1924 இல் அப்பிள்டன் அதனை நிறுவினார்.

கப்பல்களே மார்க்கோனிக் கம்பனியின் உயிர்நாடியாயின. 1906 இற் பேர்லினில் நடந்த சர்வதேச மாநாடு கப்பற் செய்திகளுக்கு 300 மீற்றர், 600 மீற்றர் என இரு அலைநீளங்களை வகுத்தது. இரு பாய்மரங்களிடையே தொங்கும் கம்பியோ ஒன்றுதான். நடுக்கடலில் அதனை நீட்டவும் குறுக்கவும் இயலாது. பொறியியலாளர் அதற்கு வழி கண்டனர். 600 மீற்றருக்குக் கம்பியின் அடியிற் சுருளைச் சேர்த்தால், கம்பி நீண்டது போல நடந்துகொள்ளும். 300 மீற்றருக்கு மின்தேக்கியைத் தொடராக இணைத்தால், குறுகியது போல நடந்துகொள்ளும். இவ்விரு உபாயங்களும் இன்றும் வழக்கில் உள. ஓடும் வண்டியில் இரு அலைவரிசைகளை நாடும் வானொலி ஆர்வலர், ஒரு முழத்துக்குச் சற்று மிகுந்த ஒரு கோலையே இரண்டு மீற்றர் அலைக்கு நாலிலொரு பங்காகவும், எழுபது சென்ரிமீற்றர் அலைக்கு நாலில் மூன்று பங்காகவும் பயன்கொள்வர். ஆனால் இரு அலைகளுக்கும் பொதுவான கம்பி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அமைந்த கம்பிக்கு எல்லாவகையிலும் ஈடாகாது. எதனை விட்டுக்கொடுத்து எதனைப் பெறுகிறோம் என்று அறிந்து தேர்தலே இக்கலையின் உள்ளீடு.

1909 இல் மார்க்கோனியும் பிரௌனும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது, அதன் கம்பியிலிருந்து சென்ற அபயக்குரலைக் கேட்டு விரைந்த கப்பல் ஏறத்தாழ 700 பேரை மீட்டது. அவ்வாண்டே ஒரு மோட்டார் விபத்தில் மார்க்கோனி வலக்கண்ணை இழந்தார்.

செல்வமும் கீர்த்தியும் சேர்ந்த பின் பெரும்பாலோர் தாம் முன்பு சொன்னதையே காத்து நிற்பர். தூரம் செல்ல வேண்டின் அலை நீண்டதாக வேண்டும், நிலையம் பெரிதாக வேண்டும் என்பதே அதுவரை மார்க்கோனியின் கொள்கை. ஆயிரக்கணக்கான மீற்றர் நீள அலைகளுக்காக வானளாவிய கம்பங்களை அவருடைய கம்பனி எழுப்பிவந்தது. 200 மீற்றருக்குக் குறைந்த அலைகள் பயனற்றவை எனக் கருதப்பட்டு, அமெரிக்காவிற் பொழுதுபோக்காளருக்கு விடப்பட்டன. அப்பொழுதுபோக்காளரோ 1921 டிசெம்பரில் அத்திலாந்திக்கைக் கடந்து ஸ்கொத்லாந்திற் கேட்கச் செய்தனர். மார்க்கோனியும் 1916 முதலே, பிராங்ளின் என்னும் பொறியியலாளருடன், மிகக் குறுகிய அலைகளின் பக்கம் திரும்பியிருந்தார். 1922 இல் நியூயோர்க்கிற் பொறியியலாளர் சபையின் முன், சிற்றலைகளைத் தாமும் பிறரும் நெடுங்காலம் புறக்கணித்துவிட்டதை அவர் மறையாது எடுத்துரைத்தார். அரச பெருநிலையங்களுக்கு விலை பேசும் கம்பனியின் தலைவர் அவ்வாறு சொல்வது எளிதன்று.

அவரிடம் எலெத்ரா என்னும் உல்லாசக் கப்பல் இருந்தது. 1904 இற் கட்டப்பட்டு 1919 இல் வாங்கப்பட்ட அக்கப்பல் அவருக்கு வீடு, அதுவே ஆய்வுகூடம். 1923 இல் அதில் தெற்கே கேப் வேர்ட் தீவுகள் வரை சென்று, பொல்டுவிலிருந்து வந்த 97 மீற்றர் அலையை நாளும் இரவும் செவிமடுத்தார். பகலில் 1,250 கடல் மைல் வரையும், இரவில் 2,250 கடல் மைல் வரையும் குறி தெளிவாகக் கேட்டது. மறு ஆண்டு அலைநீளத்தை 32 மீற்றர் வரை குறைத்துச் சோதித்தார். குறையக் குறையப் பகல்தூரம் கூடியது. இரவுக்கு ஓர் அலை, பகலுக்கு ஓர் அலை என்னும் உண்மை புலப்பட்டது. ஒரே அலையை நம்பியிருத்தல் ஆகாது. பல அலைகளை ஆளத் தெரிந்தவனே நாள் முழுவதும் பேசவும் கேட்கவும் வல்லவன்.

அந்த நம்பிக்கையில் 1924 இற் பிரித்தானிய அரசுடன் அவர் ஒப்பந்தம் செய்தார். ஒளிக்கற்றை போல ஒரு திசையிற் சிற்றலையைச் செலுத்தும் நிலையங்கள் 1926 இற் கனடாவுக்கும், 1927 இல் அவுஸ்திரேலியாவுக்கும் தென்னாபிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் திறக்கப்பட்டன. இந்தியாவில் அது பூனாவை அடுத்த கிர்க்கியில் அமைந்தது. கடலடிக் கம்பிகளின் வருமானம் ஆட்டங்கண்டது.

குடாநாட்டைப் பற்றி முன்னர் சொன்னதற்கு இதுவே இடம். 1925 டிசெம்பரில் கொழும்பு வானொலி தொடங்கியது. 1939 இல் திருச்சி நிலையம் எழுந்தது. நம் வீடுகளில் இரண்டும் மத்திய அலையிற் கேட்டன. தொலைநாட்டு நிலையங்கள் சிற்றலையிற் கேட்டன. 1990 இல் மின்சாரம் நின்று, பற்றரியும் அரும்பொருளாகிவிட்ட காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்திச் சில்லைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னால் வானொலி கேட்டவர் நாம். திருச்சியின் மத்திய அலையைப் பெட்டிக்குள் இருக்கும் பெரைற்றுக் கோலே பற்றிக்கொள்ளும். பெட்டியைத் திசைதிருப்பி வைத்தாற் போதும். லண்டனின் தமிழ் ஒலிபரப்பும் மணிலாவின் வெரித்தாசும் சிற்றலையில் வந்தன. அவற்றுக்கு நீட்டுக் கோல் வேண்டும், அதுவும் போதாதெனிற் பனைக்கும் தென்னைக்குமிடையே செப்புக் கம்பி வேண்டும். மாலையில் தெளிவாகக் கேட்ட நிலையம் இரவேற மங்குவதையும், அதே ஒலிபரப்பு வேறொரு மீற்றரில் எழுவதையும் பாடசாலை காணாத பாட்டிமாரும் அறிந்திருந்தனர். எலெத்ராவின் தளத்தில் மார்க்கோனி கற்றதை நாம் முற்றத்திற் கற்றோம். ஊரை விட்டு எழுவதா இருப்பதா என்னும் முடிவு அந்தக் கம்பியிலே தொங்கிய நாட்கள் பல. ஒரு நிலையத்தின் சொல்லை மற்றொரு நிலையத்தின் சொல்லோடு ஒப்புநோக்கியே மெய்யை உணர்ந்தோம். அதனால், பல அலைகளைக் கேட்கும் கம்பி எனக்குப் பொறியியற் பொருளாக மட்டும் தோன்றுவதில்லை.

இந்த அளவுகோலைக் கொண்டே மார்க்கோனியின் கடைசிக் காலத்தை அளக்கிறேன். சிற்றலைக்குச் செவிகொடுத்துக் கேப் வேர்ட் சென்ற அதே 1923 இல் அவர் முசோலினியின் பாசிசக் கட்சியிற் சேர்ந்தார். 1930 இல் இத்தாலிய அரச கலைக்கழகத்தின் தலைவரானார். கட்சியின் உயர்பேரவையிலும் இடம்பெற்றார். 1935 இல் எதியோப்பியா மீது இத்தாலி படையெடுத்தபோது அதனை ஆதரித்து நின்றார். கடலின் நடுவே உலகத்தின் ஒலிகளையெல்லாம் பகுத்துக் கேட்ட செவி, தன் நாட்டு அரசியலில் ஒரே நிலையத்துக்குத் திருகி வைக்கப்பட்டிருந்தது. இதனை மூடிவைத்து அவர் வாழ்க்கையை மாணவருக்குச் சொல்லுதல் நேர்மையன்று. இதனையே சொல்லி எலெத்ராவை மறைத்தலும் நேர்மையன்று.

இல்லற வாழ்வும் அமைதியாயிருக்கவில்லை. 1905 இல் மணந்த பியற்றிஸ் ஒபிறையனுடனான உறவு முறிந்தது. 1927 இல் மரியா கிறிஸ்தீனாவை மணந்தார். 1930 ஜூலை 20 ஆம் நாள் பிறந்த மகளுக்கும் எலெத்ரா என்றே பெயரிட்டார். அம்மகளின் ஏழாவது பிறந்தநாளாகிய 1937 ஜூலை 20 அன்று, றோமாபுரியில், இருதய நோயால் மறைந்தார். மறுநாள் உலகின் பல நிலையங்கள் இரு நிமிடம் ஒலிபரப்பை நிறுத்தி அஞ்சலி செலுத்தின. 1943 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இசைவாக்கம் பற்றிய அவருடைய அமெரிக்கக் காப்புரிமையின் முக்கிய பகுதிகளைச் செல்லாதெனத் தீர்த்தது. லொட்ஜ், தெஸ்லா, ஸ்ரோன் என்போரின் முற்பணி அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டது.

ஆகவே, பரீட்சைக்கு வரும் அந்த விடையைச் சிறிது விரித்துச் சொல்லலாம் என்பது என் எண்ணம். மார்க்கோனி வானொலியின் தனிப்பெருந்தந்தை அல்லர். பலர் கண்ட அலைகளை, மண்ணில் ஊன்றிய ஒரு கம்பியாற் கடல்கடக்கச் செய்தவர். அந்தக் கம்பியைப் பல அலைகளுக்கு இசைவித்தவர். ஐம்பதை அணுகிய வயதிலும் தாம் எழுப்பிய கோபுரங்களுக்கு எதிராகத் தம் காதுகள் சொன்ன சாட்சியை ஏற்றுக்கொண்டவர். விஞ்ஞானத்தில் அவர் காட்டிய அந்தச் செவியை வாழ்வின் பிற துறைகளிலும் பேணுவது, அவரைக் கற்கும் தலைமுறையின் கடமை.